ஸ்டியரிங் பாக்ஸ் சீல் மூன்றாவது தடவையும் ஒழுகுகிறது, அடுத்து எதைப் பார்ப்பது?

சேற்றுத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 32 வருஷப் பழைய ஃபோர் வீல் டிரைவ். முன்னால் ஒரே துண்டு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்கிற எண்ணமே இல்லை.

ஸ்டியரிங் பாக்ஸுக்கு அடியில், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸின் அசைவைச் சக்கரப் பக்கம் கடத்தும் கை) மாட்டியிருக்கும் இடத்தில், சிவப்பு ஆயில் ஒழுகுகிறது. முதல் தடவை சீல் மாற்றியபோது எட்டு மாதம் தாங்கியது. அடுத்தது மூன்று மாதம். இப்போது போட்ட சீல் மூன்றே வாரத்தில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அளவுக்குக் கறை.

இன்னொன்றும் இருக்கிறது. நேர் சாலையில் ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. பாக்ஸின் மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முக்கால் சுற்று இறுக்கினேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இப்போது வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை, நான்தான் இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் ஏறுகிற வண்டி, பயமாக இருக்கிறது. புது பாக்ஸ் கிடைப்பது கஷ்டம். இதையே சரிசெய்ய வழி உண்டா?

டீசல்வாசம்:

முதல் வேலையாக அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

அப்புறம், ஆட்டம் முழுக்க பாக்ஸில்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வைத்துப் பாருங்கள்: ஸ்டியரிங் ராடின் யூ ஜாயின்ட், டிராக் லிங்க் (பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராடு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) எண்ட், ஸ்பிரிங் புஷ். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பாக்ஸை சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மறக்காதீர்கள். பெரிய டயர் போட்ட பழைய வண்டிகளில் அந்த இடத்தில் சேஸிஸே விரிசல் விட்டு, பாக்ஸ் மொத்தமாக அசைவதுண்டு. கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு), வீல் பேரிங் இரண்டையும் சக்கரத்தைத் தூக்கிவைத்துத் தனியாகப் பாருங்கள்.

லேத்துப்பட்டறை:

மேலே சொன்னது சரி. நான் சீல் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம், மூன்று மாதம், மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது தம்பி. சீல் கெட்டுப்போகவில்லை. அதற்குள்ளே ஓடுகிற ஷாஃப்ட் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது.

ஆயில் சீலின் ரப்பர் உதடு மிக மெல்லியது. சுற்றுகிற ஷாஃப்டை அது நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளாடுகிற ஷாஃப்ட்டோடு அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் வாய் திறக்கும். பவர் ஸ்டியரிங்கில் முழு லாக்கில், அதாவது இனி திரும்பாத கோடி வரை, திருப்பிப் பிடிக்கும்போது உள்ளே ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் ஏறும். திறந்த வாய் அதற்குப் போதும்.

சோதிப்பது சுலபம். டிராக் லிங்க்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். சுத்தியலால் ஆர்மை அடிக்க வேண்டாம், அந்த அடி நேராக உள்ளேயிருக்கும் பற்களுக்கும் பால்களுக்கும் (எஃகுக் குண்டுகள்) போகும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். கழற்றிய பிறகு ஆர்மைப் பிடித்துச் சுற்றாமல் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நல்ல பாக்ஸில் கைக்கு எதுவும் தெரியக் கூடாது. ஷாஃப்ட் அசைவது தெரிந்தால் கீழ் பேரிங் போய்விட்டது. அது இருக்கும்வரை எத்தனை சீல் போட்டாலும் கதை இதுதான்.

இன்னொரு சோதனை: பாக்ஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் காயவைத்து, மேலே டால்கம் பவுடர் தூவி, எஞ்சினை ஓட்டி இரு பக்கமும் திருப்புங்கள். மேல் மூடி கேஸ்கெட்டிலோ, இன்புட் (ஸ்டியரிங் ராடு வந்து சேரும் ஷாஃப்ட்) பக்கமோ, ஹோஸ் மூட்டிலோ ஆரம்பித்த கசிவு வழிந்து கீழே வந்து அடி சீலில் கசிகிற மாதிரி காட்டும். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதுதான் இடம்.

சேற்றுத்தடம்:

நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில்தான் இருந்தேன். ஸ்க்ரூவை முக்கால் சுற்று திருப்பி வைத்துவிட்டேன். டிராக் லிங்க்கின் ஒரு முனையில் நன்றாக ஆட்டம் இருந்தது, புதுசு மாற்ற வேண்டும். சேஸிஸ் நல்லபடியாக இருக்கிறது.

பவுடரில் ஈரம் அடி சீலில்தான் ஆரம்பிக்கிறது. ஆர்மைப் பிடித்து ஆட்டினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் போகிறது, உள்ளே டொக் டொக் என்று சத்தம் வேறு. ஆர்மைக் கழற்றிச் சீலை எடுத்தேன். சீல் உட்காருகிற இடத்தில் ஷாஃப்டைச் சுற்றி மெல்லிய பள்ளம், நகம் மாட்டுகிறது. அதற்குக் கீழே மிளகு மிளகாகத் துரு. இது தேறுமா?

லேத்துப்பட்டறை:

தேறும். ஆனால் பாக்ஸ் கீழே இறங்க வேண்டும், வண்டியில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

கழற்றும் முன் ஆர்ம், ஷாஃப்ட் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு குத்திக்கொள்ளுங்கள். இறக்கிய பின் இன்புட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எண்ணித் திருப்பி, அதில் சரிபாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. நடுவில் இருந்தால்தான் செக்டார் ஷாஃப்டின் (பிட்மேன் ஆர்ம் மாட்டிய அதே ஷாஃப்ட்) பற்கள் வெளியே வரும். மூடியின் போல்ட்டுகளை எடுத்து மூடியோடு சேர்த்து ஷாஃப்டைத் தூக்குங்கள். பால் நட்டை (வார்ம் என்ற திருகின் மேல் பால்கள் வழியாக ஓடும் நட்) இப்போதைக்குத் தொட வேண்டாம். இன்புட்டைச் சுற்றும்போது கரகரப்போ தடங்கலோ இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். பிரித்தே ஆகவேண்டும் என்றால் கீழே வெள்ளைத் துணி விரித்து, பால்களை எண்ணி வையுங்கள். சில பாக்ஸில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். கறுப்பு பால் மயிரிழை சிறியது, வரிசை மாறக் கூடாது.

ஷாஃப்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீழ் ஊசி பேரிங் ஓடும் இடம் கண்ணாடிபோல இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். அங்கே ஊசிகளின் தடம் கோடு கோடாகப் பதிந்திருந்தால் ஷாஃப்டும் மாற வேண்டும். பழைய ஷாஃப்டில் புது பேரிங் போட்டால் ஆட்டம் பாதிதான் குறையும். பல்லில் நடு இரண்டு மட்டும் தேய்ந்து பள்ளமாகி, ஓரங்கள் புதுசாக இருந்தாலும் அதே முடிவுதான்.

சீல் இடத்துப் பள்ளத்துக்கு வெல்டிங், ஹார்டு குரோம் எல்லாம் தேவையில்லை. ரிப்பேர் ஸ்லீவ் என்று சுமார் 0.28 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டெயின்லெஸ் வளையம் உண்டு. ஷாஃப்டை வெர்னியரில் அளந்து அந்த அளவுக்கு வாங்கி ஏற்றினால், அதே அளவு சீல் அதன்மேல் உட்காரும். சீலைத் தள்ளும்போது ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையின் வரிப்பற்கள்) மேல் டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் உதடு கிழியும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். உள் சீலுக்கும் வெளி தூசிச் சீலுக்கும் நடுவில் கிரீஸ் நிரப்புங்கள். சேற்றுத் தண்ணீர் புகுந்து அந்த மிளகுத் துருவைக் கொண்டுவந்த வழி அதுதான்.

கடைசியில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ. பால் நட்டின் பற்களும் செக்டார் பற்களும் நேர் ஓட்டத்தில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும், திரும்பிய நிலையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்றே செய்திருப்பார்கள். அதனால் டிராக் லிங்க் மாட்டாமல், நடுவில் வைத்து, இன்புட்டைச் சின்னதாக ஆட்டியபடியே இறுக்குங்கள். நடுவைத் தாண்டும்போது மட்டும் லேசான கனம் கைக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும், டார்க் ரென்ச்சில் அளந்து வையுங்கள். முன்பு உங்கள் ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் காரணம், ஆக்ஸிலின் சாய்வு சக்கரத்தை நேராக்கத் தள்ளுகிற விசையைவிட பாக்ஸுக்குள் பிடிமானம் அதிகமாகிவிட்டதுதான்.

ரெண்டாம்கியர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கசிவை நிறுத்தும் திரவம் என்று டப்பாவில் விற்பதை ஊற்றிவிடாதீர்கள். ரப்பரை ஊதவைத்துச் சில நாள் நிறுத்தும், பிறகு நல்ல சீல்களும் ஹோஸும் சேர்ந்து மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

மாட்டிய பிறகு காற்று எடுப்பதில் அவசரம் வேண்டாம். முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்தே வைத்து, ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது தடவையாவது திருப்புங்கள். டேங்க்கில் ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட். நுரை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள்.

சேற்றுத்தடம்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஷாஃப்டில் ஊசிகளின் தடம் நகத்துக்குத் தெரிகிற அளவு பதிந்திருந்தது, அதனால் அதே ரகத்துப் பழைய பாக்ஸ் ஒன்று தேடி வாங்கி, அதன் ஷாஃப்டை எடுத்தேன். பேரிங், சீல் கிட், டிராக் லிங்க் முனை எல்லாம் புதுசு. வாங்கிய ஷாஃப்டிலும் சீல் இடத்தில் லேசான கோடு இருந்ததால் ஸ்லீவ் ஏற்றினோம்.

அட்ஜஸ்ட் செய்யும்போது நடுவில் வந்த அந்த லேசான கனத்தைக் கையில் உணர்ந்ததும்தான், முன்பு நான் எவ்வளவு தப்பாக இறுக்கியிருந்தேன் என்று புரிந்தது. இப்போது வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் உள்ளங்கைக்குள்ளேயே வழுக்கி நேருக்கு வருகிறது. ஆட்டம் அரை அங்குலத்துக்கும் குறைவு. தினமும் காலையில் பாக்ஸுக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கு இருபத்தாறாவது நாள், காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை.

கழற்றிய பழைய ஷாஃப்டின் படத்தை நாளை போடுகிறேன் அண்ணா. பல்லின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், வார்மையும் எப்போதாவது பிரித்துப் பார்க்க வேண்டியிருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.