சீட்டிங் டை மாற்ற வேண்டுமா? மைக்ரோமீட்டர் வைத்ததுதான் நல்லதா?

கேள்வி:
6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு ரீலோடிங் (சுட்ட கேஸில் புது பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவது) செய்கிறேன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், மேட்ச் புல்லட், காகித இலக்கு மட்டும்தான். டை செட்டோடு வந்த சாதாரண சீட்டிங் டையில்தான் (புல்லட்டைக் கேஸ் வாய்க்குள் அழுத்தும் அச்சு) புல்லட்டை இறக்குகிறேன், ஆனால் தோட்டாவின் மொத்த நீளம் ஒன்றுக்கொன்று 0.006 அங்குலம் வரை மாறுகிறது. மைக்ரோமீட்டர் டை வாங்கினால் சரியாகுமா? ரெட்டிங், ஃபோர்ஸ்டர், வில்சன், இந்தக் கம்பெனி டைகளில் எதை எடுக்கலாம்?

பதில் 1:
முதலில் எதை அளக்கிறீர்கள் என்று பாருங்கள். மேட்ச் புல்லட்டின் வாய் திறந்த நுனி ஒன்று போல இன்னொன்று இருக்காது, அதனால் நுனி வரை அளந்தால் புல்லட்டின் குறையும் சேர்ந்து வரும். காலிப்பரில் கம்பாரேட்டர் (நுனியை விட்டு, புல்லட்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள துண்டு) மாட்டி, கேஸ் அடியிலிருந்து ஓஜைவ், அதாவது புல்லட் மூக்கின் வளைவு, வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.002க்குள் வந்தால் டையில் பெரிய கோளாறு இல்லை. மைக்ரோமீட்டர், ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கவும் பழைய செட்டிங்குக்குத் திரும்பவும் ரொம்ப வசதி, அவ்வளவுதான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் டைக்குள் புல்லட்டைத் தள்ளும் தண்டான ஸ்டெம்மை மறக்காதீர்கள், என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேதான். புல்லட் மூக்கு முழுக்க மார்க்கர் மை பூசி, பவுடரும் பிரைமரும் இல்லாத கேஸில் இறக்குங்கள். ஓஜைவில் மெல்லிய வளையமாக மை அழிந்தால் நல்லது. நுனியில் அழிந்தால் ஸ்டெம்மின் குழி போதவில்லை, நுனியைத் தள்ளித்தான் புல்லட் இறங்குகிறது, நீளம் மாறத்தான் செய்யும். நீண்ட மூக்குப் புல்லட்டுக்கென்றே விஎல்டி ஸ்டெம் தனியாகக் கிடைக்கும்.

பதில் 3:
மூன்றும் நல்ல டைதான், வேலை செய்யும் விதம்தான் வேறு. ரெட்டிங் காம்படிஷன், ஃபோர்ஸ்டர் இரண்டிலும் ஸ்பிரிங் வைத்த ஸ்லீவ் இருக்கிறது, புல்லட் கேஸின் கழுத்தான நெக்குக்குள் நுழையும் முன்பே கேஸையும் புல்லட்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரீலோடிங் பிரஸ்ஸிலேயே மாட்டலாம். வில்சனுக்கு மரை கிடையாது, ஆர்பர் பிரஸ் என்ற சின்னக் கை அழுத்தியில் வைத்து அழுத்த வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது, புல்லட் இறங்கும் இறுக்கம் கையில் அப்படியே தெரியும், ஒரு கேஸின் நெக் மட்டும் லூசாக இருந்தால் அந்த நொடியே பிடித்துவிடலாம்.

இன்னொன்று, வாங்கும் முன் சைஸ் செய்த (டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த) காலி கேஸின் நெக் ரன்அவுட்டை, அதாவது கேஸைச் சுழற்றும்போது நெக் எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்பதை, அளந்துவிடுங்கள். சைஸிங்கிலேயே, முக்கியமாக நெக்கை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் பால் இழுத்து, நெக் கோணலாகிவிட்டால் எந்த சீட்டிங் டையும் அதை நிமிர்த்தாது. பவுடர் மேல் புல்லட் அழுந்தும் அளவுக்கு நிரப்புகிறவர் என்றால் ஸ்லீவ் டை வேண்டாம், மெல்லிய ஸ்டெம் தாங்காது.

கேட்டவர்:
மார்க்கர் சோதனை செய்தேன். நுனியில்தான் மை போயிருக்கிறது! காலி கேஸில் ரன்அவுட் 0.001தான். அப்படியென்றால் ஸ்டெம் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 2:
போதும், இப்போதைக்கு அதையே செய்யுங்கள். ஆனால் புது ஸ்டெம் போட்டதும் பழைய செட்டிங் செல்லாது. ஸ்டெம்மை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, மறுபடியும் ஒரு டம்மி தோட்டாவில் கம்பாரேட்டர் வைத்து அளந்தபடியே கீழே கொண்டுவாருங்கள். புல்லட் அதிகம் உள்ளே போனாலும் பிரஷர் ஏறும், குழலின் உள்வரிகளான ரைஃப்ளிங்கைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் ஏறும், அதனால் அந்த அளவு பழைய எண்ணுக்கு வந்து நிற்கும்வரை பவுடர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.