179 நாள் நியமனமும் ஏஜென்சி ஆட்களும் நிர்வாகச் சீர்திருத்தம் ஆகுமா?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில் வசிக்கிறேன் (ஆந்திரச் சித்தூர் அன்று). எங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்றில், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக 179 நாள் தற்காலிக நியமனத்தில் வந்த ஒரு பெண் ஊழியர், தமிழில் வரும் மனுக்களைப் படித்து மலையாளத்தில் குறிப்பெழுதிக் கோப்பில் சேர்த்துவந்தார். இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்பது 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை. நடைமுறையில் அந்த உரிமை அவருடைய மேசையில்தான் இருந்தது. 179 நாள் முடிந்ததும் அவர் போய்விட்டார். அடுத்து வந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால், என் அண்ணனுடைய நிலத்தின் போக்குவரவு (பட்டா மாற்ற) மனு "மலையாளத்தில் எழுதித் தரவும்" என்ற சீட்டோடு திரும்பி வந்தது.

இத்தகைய நியமனங்களையும், ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பதையும் சீர்திருத்தம் என்கிறார்கள். இது எந்த வகையில் சீர்திருத்தம்? பல ஆண்டுகள் இப்படி வேலை பார்த்தவருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

ஐயா, இரண்டு வெவ்வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டி "ஒப்பந்தம்" என்று பெயரெழுதிவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். 1988-இல் நியூசிலாந்து தன் அரசுத்துறைச் சட்டத்தை மாற்றியபோது, துறைத் தலைவர்களைக் குறித்த கால ஒப்பந்தத்தில் அமர்த்தி, இன்ன பணியை இன்ன தரத்தில் முடித்துத் தரவேண்டும் என்று எழுதி வாங்கியது. அதே ஆண்டில் பிரிட்டனும் துறைகளிலிருந்து தனி முகமைகளைப் பிரித்து, அவற்றின் இலக்குகளை எழுத்தில் வைக்கத் தொடங்கியது. அங்கே ஒப்பந்தம் மேலே இருப்பவரைக் கட்டியது. நம்மிடமும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அமைச்சகங்களுக்கும் இடையிலான புரிந்துணர்வு ஒப்பந்த முறை 1980-களின் பிற்பாதியிலிருந்தே இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒப்பந்தம் கட்டுவது கடைசி மேசையில் இருப்பவரை மட்டுமே.

பணிக்காலத்தில் என் கைக்கு வந்த ஏஜென்சி பில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர் 4, டிரைவர் 2, துப்புரவுப் பணியாளர் 3, அதன் கீழே சேவைக் கட்டணம், அவ்வளவுதான். அந்த மாதம் எத்தனை மனு தீர்ந்தது, எத்தனை நிலுவையில் நின்றது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தத்திலேயே இல்லாததைப் பில்லில் தேடி என்ன பயன்? மிகக் குறைந்த கட்டணம் கேட்டவருக்கே டெண்டர் என்றால், அவர் தம் லாபத்தைத் தொழிலாளியின் பி.எஃப். தொகையில்தான் தேடுவார். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது ஆள் எடுத்த அலுவலகமே, தந்துவிட்டு அவரிடம் வசூலிக்கவேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது என்றாலும், அதற்காகக் கோப்பு திறந்த அலுவலகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆலன் ஷிக் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1998-லேயே எச்சரித்தார்: எழுதிய விதிப்படி நடக்கும் பழக்கம் வேரூன்றாத நாடுகள் நியூசிலாந்தைப் பின்பற்றக் கூடாது, முதலில் விதி, பிறகுதான் ஒப்பந்தம். நான் இதை முழுமையாக ஏற்கிறேன்.

நிரந்தரம் பற்றி: 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பணிக்காலம் நீண்டுவிட்டது என்பதாலேயே நிரந்தர உரிமை வந்துவிடாது என்றது, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணையின்றிப் பத்தாண்டு கடந்தவர்களுக்கு மட்டும் நிரந்தரமாக ஒருமுறை வாய்ப்பளிக்கச் சொன்னது. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியக் கொள்கை பொருந்தும் என்றது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்குத் தற்காலிகப் பெயரிட்டு, உமாதேவி தீர்ப்பையே கேடயமாக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. 179 நாளில் மாறிப்போகிறவருக்கு இவற்றால் கிடைப்பது சொற்பமே.

பதில்: நகரித் தறிக்காரன்

அண்ணா, சித்தூர் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கள் சித்தூர் என்றே நினைத்துவிட்டேன். இங்கே ஆந்திராவில் இடைத்தரகர்களை ஒழிக்க, அரசே 2019-இல் ஆப்காஸ் என்ற கழகத்தை அமைத்து, ஏஜென்சி ஆட்களை அதன்கீழ் கொண்டுவந்தது. ஏஜென்சிக்காரனைத் தேடி அலைந்த என் மைத்துனனுக்குச் சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியது. அது நல்ல காரியம்தான், ஆனால் அவன் இன்றும் அவுட்சோர்சிங் ஆள்தான். அதே காலத்தில் ஐம்பது வீட்டுக்கு ஒருவர் என்று மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தன்னார்வலர்களையும் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணுக்கு, எந்தப் பாட்டிக்கு ரேகை பதியாது என்பதுவரை தெரியும். 2024-இல் ஆட்சி மாறிய பிறகு அந்த ஏற்பாடு தொடரவில்லை. அவளுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவும் இல்லை.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசி

இருவருக்கும் நன்றி. நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா, ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

அண்ணனுடைய மனுவை, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அதே தமிழில் மறுபடியும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனுப் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த மேசை அனுமதிக்கப்பட்ட பணியிடமா, எந்த ஆண்டிலிருந்து 179 நாள் ஆட்களால் நிரப்பப்படுகிறது, காலியிடம் அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு (பி.எஸ்.சி.) எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது. 30 நாளில் பதில் தரவேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை இங்கே பதியுங்கள். மற்ற இரண்டையும் ஓரளவு என்னால் ஊகிக்கமுடியும்.