சாரிட்டி ஷாப்ல வாலண்டியர்: ரெஃபரன்ஸுக்கு யாரைக் கொடுக்கிறது? (லண்டன்)

ஈஸ்ட்ஹாம்_புதுசு:
அக்கா, அண்ணா, கொஞ்சம் அவசரம். லண்டன் வந்து ரெண்டு மாசம். இங்கிலீஷ் பேசிப் பழகலாம்னு ஒரு சாரிட்டி ஷாப்ல (தானமா வர்ற பழைய சாமானை வித்து அறக்கட்டளைக்குக் கொடுக்கிற கடை) சம்பளம் இல்லாத வாலண்டியரா கேட்டேன், திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. ரெண்டு ரெஃபரன்ஸ் வேணுமாம். இங்க எனக்கு யாரையும் தெரியாது. டிபிஎஸ் (குற்றப் பதிவு இருக்கான்னு பாக்கிற செக்) வேற எடுக்கணுமா? ராத்திரி தூக்கமே இல்ல.

குரோய்டன்வாசி:
சம்பளம் இல்லாம எதுக்கும்மா? அந்த நேரத்துக்கு நாலு வேலைக்கு அப்ளை பண்ணுங்க. நவம்பர்ல வர்றவங்க எல்லாம் இப்படித்தான். நாலு மணிக்கே இருட்டிடும், வீட்டுல இருக்க முடியாது, எதையாவது பிடிச்சுக்குவாங்க.

மாமி_ஹாரோ:
டிபிஎஸ் இல்லாம எங்கயும் உள்ளயே விட மாட்டா. முதல்ல அதை எடு.

டூட்டிங்_கணேஷ்:
அது சரியில்ல மாமி. கடைல துணி பிரிக்கிறதுக்கு பொதுவா டிபிஎஸ் கேக்க மாட்டாங்க. குழந்தைகள், முதியோர், ஆஸ்பத்திரின்னா கேப்பாங்க. அங்க கேக்கிற பெரிய டிபிஎஸ்ஸை நாமளா எடுக்கவும் முடியாது, அமைப்புதான் விண்ணப்பிக்கணும். வாலண்டியருக்கு அரசுக் கட்டணமும் கிடையாது. ‘நான் எடுத்துத் தரேன்’னு எவனாவது காசு கேட்டா கொடுத்துடாதீங்க.

வெம்பிளி_அன்ரி:
பிள்ளை, வேலை ஒத்துவருமோ எண்டதை முதல்ல பாரும். பேச்சுப் பழகத்தானே போறீர்? அப்ப பின்னறையில நிக்காதேயும். அங்க பை பிரிக்கிறதும், துணிச் சுருக்கம் எடுக்க ஸ்ரீமர் (ஆவி மெஷின்) பிடிக்கிறதும், விலைச்சீட்டுக் குத்துறதும்தான் வேலை, நாள் முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை. ரில்லில, காசு வாங்கிற மேசையில, விடச் சொல்லிக் கேளும். சாமான் கொண்டுவந்து தாற ஆக்களிட்டை கிஃப்ட் எய்ட் கேக்கிறது இன்னும் நல்லம், அவை வரி கட்டுற ஆக்கள் எண்டால் அந்தச் சாமான் வித்து வாற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் சாரிட்டிக்குக் கூடக் குடுக்கும். அதை விளங்கப்படுத்தவே வாய் திறக்க வேணும்.

குரோய்டன்வாசி:
எல்லாம் சரி, கடைசில ‘யூகே எக்ஸ்பீரியன்ஸ்’ இல்லன்னு தள்ளிடுவான். எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னா வேலை கொடுக்கணும், வேலை வேணும்னா எக்ஸ்பீரியன்ஸ் வேணும்.

மாமி_ஹாரோ:
வாடகைக்கும் அதே கதைதான். இந்த ஊர்ல எதுக்கு எடுத்தாலும் ரெஃபரன்ஸ்.

டூட்டிங்_கணேஷ்:
புலம்பல் அப்புறம் இருக்கட்டும். தங்கச்சி, நீங்க என்ன விசால இருக்கீங்கன்னு இதுவரைக்கும் யாருமே கேக்கல. கடைல ஏதாவது கையெழுத்து வாங்கினாங்களா?

ஈஸ்ட்ஹாம்_புதுசு:
ஸ்டூடண்ட் விசா, மாஸ்டர்ஸ். சூப்பர் மார்க்கெட்ல ஏற்கெனவே வாரம் 20 மணி நேரம் வேலை பண்றேன். கடைல ஒரு தாள் கொடுத்தாங்க: புதன், வெள்ளி 4 மணி நேரம் கட்டாயம் வரணும், நாளுக்கு 5 பவுண்டு சாப்பாட்டுக்கு, பில் தேவையில்லன்னு இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல.

டூட்டிங்_கணேஷ்:
போடாதீங்க. விசா விதில வாலண்டியரிங் வேற, சம்பளமில்லா வேலை வேற. வர்றதும் வராததும் உங்க இஷ்டம், கைக்காசு செலவானா மட்டும் திருப்பித் தருவாங்கன்னா அது வாலண்டியரிங், டெர்ம்ல (படிப்பு நடக்கிற காலத்துல) வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம்ங்கிற விசாக் கணக்குல சேராது. கட்டாய நேரம், பில் இல்லாத 5 பவுண்டு, சம்பளத்துக்கு ஆள் எடுக்க வேண்டிய இடத்துல உங்களை நிறுத்துறதுன்னு வந்தா சம்பளமில்லா வேலையா எண்ணலாம். அப்போ 20ம் 8ம் 28. திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும்தான் ஒரு வாரம், போன வாரம் குறைச்சலா செஞ்சேன்னு சரிக்கட்ட முடியாது. மாஸ்டர்ஸுக்குக் கோடைலயும் பொதுவா டெர்ம்தான், டிசர்டேஷன் நேரத்தை லீவுன்னு நினைச்சுப் பலர் மாட்டிக்கிறாங்க.

மேனேஜர்கிட்ட ரெண்டே கேளுங்க: ‘கட்டாயம்’ங்கிற வரியை எடுக்கணும், பஸ் காசும் சாப்பாடும் பில்லுக்கு மட்டும் தரணும். மாத்தின தாளை யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல காட்டி, பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. திங்கக்கிழமை போக வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப்போட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க.

ரெஃபரன்ஸுக்கு சூப்பர் மார்க்கெட் சூப்பர்வைசர் ஒருத்தர், ஊர்ல பாடம் எடுத்த புரொஃபசர் ஒருத்தர். சொந்தக்காரங்க கூடாது. புரொஃபசர் ஜிமெயில் கொடுத்தா சில இடத்துல ஏத்துக்க மாட்டாங்க, காலேஜ் மெயில் கேளுங்க. முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா கடைல இருந்து போற மெயில் ஸ்பேம்ல கிடக்கும்.

வெம்பிளி_அன்ரி:
பிறகு எப்பவாவது டிபிஎஸ் எடுக்கிற நிலை வந்தால் பெயரைக் கவனியும். பாஸ்போர்ட்டில அப்பாவின்ர பெயர் முழுசா, பாங்கில இனிஷியல் மட்டும் எண்டால் திருப்பி அனுப்புவினம். 5 வருச விலாசம் கேப்பினம், ஊர் விலாசமும் அதுக்குள்ள வரும், ஒரு மாசம் கூட இடைவெளி விடாதேயும்.

ஈஸ்ட்ஹாம்_புதுசு:
மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன். அதுவரைக்கும் சும்மாதான் இருக்கணுமா?

டூட்டிங்_கணேஷ்:
உங்க பக்கத்துல பெக்டன்ல சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்ரன் நடக்கும், பார்க்ல எல்லாரும் சேர்ந்து ஓடுற 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓடத் தேவையில்ல. வழி காட்டி நிக்கிறவங்க எப்பவும் வேணும், டிபிஎஸ், ரெஃபரன்ஸ் ரெண்டும் கிடையாது. அதை நடத்துறவங்களுக்கு முன்னாடியே மெயில் போட்டுட்டு 8:30க்குப் போயிடுங்க. க்ளவுஸ் மறக்காதீங்க, ஒரே இடத்துல நின்னா விரல் விறைச்சுடும்.