பாராளுமன்றத்தில் பில்லியன் கணக்கில் கதைக்கிறார்கள், எங்கள் புதன்கிழமைக் கடன் அதில் எங்கே இருக்கிறது?

முள்ளியவளைக்காரி
2023 செப்டெம்பர் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் பொருளாளர். பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு தகரப் பெட்டி, 34 அங்கத்தவர்கள், அவ்வளவுதான்.

மகள் போனில் பாராளுமன்ற நேரலையைப் போட்டுத் தருவாள். சித்திரை கடைசியில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் பற்றிய விவாதம் மூன்று நாள் நடந்ததே, அதைச் சமைத்துக்கொண்டே கேட்டேன். ஆடியில் மத்திய வங்கிச் சட்டமூலத்தையும் கேட்டேன். மூன்று பில்லியன் டொலர், முதன்மை மிகை, கடன் நிலைபேறு என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். நடுவில் ஒருவரை ஒருவர் கள்ளன் என்கிறார்கள். அது மட்டும் நன்றாக விளங்குகிறது.

என் கதையைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். 2013இல் இந்திய வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம், கட்டங் கட்டமாகத் தந்தார்கள். அந்த நேரம் இங்கே எல்லா வீடும் ஒன்றாக எழும்பியதால் மணலுக்கும் மேசனுக்கும் நெருப்பு விலை. ஆம்பிளை இல்லாத வீடு, கல் அரிவதற்கும் கூலி கொடுத்துத்தான் ஆள் பிடித்தேன். கூரை மட்டத்தோடு காசு முடிந்துவிட்டது. முதலில் சங்கிலி அடகுக்குப் போனது. அது போதாமல் ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் குழுக் கடன் எடுத்தேன். அந்தக் கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று. தவணை கட்டுகிற நாள் புதன். பத்து வருடமாகப் புதன்கிழமை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது இருப்பது 60,000 ரூபா. 52 கிழமைக்கு 1,500. எடுக்கும்போதே பத்திரச் செலவு, காப்புறுதி என்று 2,400 வெட்டித்தான் கையில் தந்தார்கள். கொம்பனியின் பேரை இங்கே எழுதவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அங்கே கை தூக்கி நிறைவேற்றுகிற இந்தச் சட்டங்களில் எது என் வீட்டு வாசலுக்கு வருகிறது? ஒன்றுமே வராவிட்டால் அதையும் சொல்லுங்கள், போன் டேட்டாவாவது மிஞ்சும்.


பழைய சங்கம்
செப்டெம்பர் 4, காலை 5.55

பிள்ளை, நான் கிளிநொச்சிப் பக்கம் கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். விடிய எழும்பியதும் உங்கள் எழுத்தைப் பார்த்தேன். நீட்டித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிநாட்டு உதவியைப் பார்ப்போம். சபையில் எல்லாவற்றுக்கும் உதவி, உதவி என்று ஒரே சொல்லைப் போடுகிறார்கள். கேட்கிறவர்கள் குழம்புவது அங்கேதான். உங்கள் வீடு நன்கொடை, இந்தியா திருப்பிக் கேட்காது. அந்தத் திட்டத்தின் 50,000 வீட்டில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. போன வருடம் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசியும் பால்மாவும் நன்கொடைதான். ஆனால் மாங்குளம் சந்தியில் நீங்கள் பஸ் ஏறுகிற ஏ-9 வீதியைத் திருத்தியது சீன வங்கிக் கடனில். ஓமந்தையிலிருந்து பளை வரை போட்ட தண்டவாளம் இந்தியக் கடன். கடனென்றால் வட்டியும் முதலும் உண்டு. உங்கள் 1,500 மாதிரித்தான், தவணை மட்டும் நீளம்.

நாடு 2022 ஏப்ரல் 12ஆம் திகதி "வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது" என்று அறிவித்ததே, உங்கள் குழு கூடிக் கடன் கட்டுகிற சென்டரில் ஒருத்தி "இந்தக் கிழமை என்னிடம் இல்லை" என்று எழும்பி நின்ற மாதிரி அது. வித்தியாசம் என்னவென்றால், நாட்டுக்கு மறுசீரமைப்பு என்று ஒரு மேசை போட்டுக் கதைக்கிறார்கள். உங்களுக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது.

நாணய நிதியம் இந்த வருடம் மார்ச்சில் ஒப்புக்கொண்டது ஏறக்குறைய மூன்று பில்லியன் டொலர், நாலு வருடத்துக்கு. அதுவும் கடன். ஒரேயடியாகத் தரமாட்டார்கள், சொன்னதைச் செய்தாயா என்று பார்த்துப் பார்த்துத்தான் தருவார்கள். சித்திரையில் நீங்கள் கேட்ட விவாதம் ஏப்ரல் 28ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 120, எதிர்ப்பு 25. இருப்பதோ 225 பேர், மிச்சம் எண்பது பேரளவில் வாக்கே போடவில்லை. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு என்கிறது. அதை வைத்திருப்பவர்கள் அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு அதில்தான் கோபம். எதிர்த்தவனிலும் எனக்குக் கோபமில்லை.

அந்த ஒப்பந்தம் உங்கள் வாசலுக்கு வருகிற வழி வரியும் மின்சாரப் பட்டியலும். மற்றது அஸ்வெசும என்கிற, ஏழைக் குடும்பங்களுக்கான மாதக் கொடுப்பனவு. 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு படி. சமுர்த்திக்குப் பதிலாக அது வந்ததற்கும் நாணய நிதியத்தோடு பேசியதற்கும் தொடர்பு உண்டு.

யூலை 20ஆம் திகதி நிறைவேறிய மத்திய வங்கிச் சட்டம் வேறு கதை. அரசாங்கத்துக்குச் செலவுக்குக் காசில்லாவிட்டால் இனி மத்திய வங்கி அச்சடித்துக் கொடுக்க முடியாது. போன வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அச்சடித்த காசுக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது நாலு வீதம். விலை குறைந்தது என்று நினைக்காதீர்கள், ஏறுகிற வேகம்தான் குறைந்தது. கோதுமை மா விலை ஏறின இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் புதன்கிழமை. இங்கே நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம், 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம். இரண்டும் முதலில் கேட்கிற கேள்வி, "நீ சனத்திடம் வைப்பு வாங்குகிறாயா?" என்பதுதான். வாங்கினால் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். வாங்காமல் தன் கைக்காசையோ வேறு யாருடைய காசையோ கொண்டுவந்து கடன் மட்டும் கொடுத்தால்? கடையைப் பதிகிற மாதிரி ஒரு கம்பனியைப் பதிந்துவிட்டு எந்த ஒழுங்கையிலும் இறங்கலாம். சட்டம் யோசித்தது காசு போடுகிறவளைப் பற்றி. காசு வாங்குகிறவள் அதில் இல்லை. நீங்கள் மூன்று நாள் கேட்டும் உங்கள் கடன் அகப்படாததற்குக் காரணம் உங்கள் படிப்பு அல்ல, பிள்ளை.

புதுச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. வந்தால் நான் முதலில் தேடுகிற வசனம், கடன் மட்டும் கொடுக்கிறவனும் இதற்குள் வருகிறானா என்பதுதான்.


மூன்று ஏக்கர்
செப்டெம்பர் 4, பகல் 1.20

ஐயா நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அச்சடிக்காமல் விட்டது நல்லது என்கிற மாதிரி முடித்துவிட்டீர்கள். நான் முத்தையன்கட்டு வாய்க்காலில் மூன்று ஏக்கர் செய்கிறவன். அரசாங்கத்தின் கை இறுகினால் முதலில் இறுகுவது நெல் வாங்குகிற காசு. சிறுபோக நெல்லை வயற்கரைக்கு வந்த லொறிக்குத்தான் கொடுத்தேன், அவன் சொன்ன விலைக்கு.

உதவி பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். எந்த விவாதத்தில் கேட்டுச் செய்தார்கள்? வயல் மஞ்சளாய்ப் போன பிறகு இந்தியக் கடனில் யூரியா வந்தது, காசு கொடுத்துத்தான் எடுத்தோம். இந்த வருடம் அமெரிக்கா தந்த ரீஎஸ்பி உரம் இலவசமாகக் கிடைத்தது. இரண்டும் ஒரே மாதிரி மூட்டை. எது கடன், எது சும்மா என்று மூட்டையைப் பார்த்துத் தெரியாது. பயிருக்கும் தெரியாது.


பழைய சங்கம்
செப்டெம்பர் 4, பகல் 2.05

தம்பி, நெல் விலையில் நீங்கள் சொல்வது சரி. அச்சடித்த காசில் நெல் வாங்கினாலும் அந்தக் காசுக்குப் பிறகு ஒரு மூட்டை உரம் வருமா என்றும் பாருங்கள். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போகமாட்டோம், சரி, விடுவோம்.


வவுனியா வாத்தி
செப்டெம்பர் 4, இரவு 8.15

உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். அக்காவின் கணக்கைப் பிள்ளைகளுக்கே இன்றைக்குக் கொடுத்துப் பார்த்தேன், பேர் ஊர் சொல்லாமல்தான்.

52 தரம் 1,500 என்றால் 78,000. வட்டி 18,000. கொம்பனிக்காரர் "வருடத்துக்கு 30 வீதம்தான்" என்று சொல்லியிருப்பார். முழு 60,000மும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருந்தால்தான் அது 30. நீங்கள் முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், அரைவாசி வருடத்தில் கையில் இருப்பது அரைவாசிக்குக் கொஞ்சம் மேல். அப்படிப் பார்த்தால் வட்டி ஏறக்குறைய 54 வீதம். வெட்டின 2,400ஐயும் சேர்த்தால் 63 தாண்டும். ஒரு மாணவி, "சேர், அப்ப எங்கட அம்மா கட்டுறது?" என்று கேட்டாள். நான் மணி அடிக்கும் வரை அவளோடு இருந்து அதையும் போட்டுக் கொடுத்தேன்.

2018இல் ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர் இங்கே வந்தார். சில இடங்களில் 220 வீதம் வரை வட்டி வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே வருடம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று. ஓகஸ்ட் கடைசியில் மத்திய வங்கி ஒரு கட்டளை போட்டது. வங்கிகள் நகை அடகுக்கு 18 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்க முடியாது. அக்கா, சங்கிலி இன்னும் அடகில் இருந்தால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வங்கியென்றால் போய்க் கேளுங்கள். தனியார் அடகுக் கடையென்றால் அந்தக் கட்டளை அங்கே போகாது.


முள்ளியவளைக்காரி
செப்டெம்பர் 5, இரவு 10.10

ஐயா, தம்பிமார், ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தேன்.

2018 தள்ளுபடியை வாத்தித் தம்பி எழுதியதும் பழையது கிளம்பிவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரி நாலு மாதம் கட்டவில்லை, அவளுடையது போய்விட்டது. நான் தோட்டத்துக் கத்தரிக்காய் விற்று, கோழி விற்று, ஒரு கிழமையும் விடாமல் கட்டியவள். எனக்கு ஒன்றுமில்லை. அவளில் கோபமில்லை, அவளுடைய கூரையில் இன்றைக்கும் பாதி தகரம்தான். ஆனாலும் ஒரு மாதம் அவளோடு கதைக்காமல் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

சங்கிலி போய் நாலு வருடம், ஏலத்தில் போனது.

54 என்ற எண்ணைச் சங்கக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதை யாருக்குச் சொல்வது? எங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கா? அவர் கோயில் திருவிழாவுக்கு வருவார்.


பழைய சங்கம்
செப்டெம்பர் 6, காலை 5.40

உங்களுக்கு ஒருவரில்லை, ஆறு பேர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். வன்னிக்குள் இருந்துகொண்டே கிளிநொச்சிக்காரர் நாங்கள்தான் யாழ்ப்பாணத்தோடு வாக்குப் போடுகிறோம், அதை விடுங்கள். ஆறு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். "உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் ஒரு உலருணவுப் பொதியோடு முடித்துவிடுவார்கள். நிதி அமைச்சரிடம் வாய்மூல விடைக்காக இந்த வினாவைக் கேளுங்கள் என்று எழுதுங்கள். வினாவை நீங்களே எழுதிக் கொடுங்கள்: முல்லைத்தீவில் வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கும் கம்பனிகள் எத்தனை, அவற்றைப் பார்ப்பது யார்? அமைச்சர் விடை சொல்ல வேண்டி வரும், அது பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட்டில் ஏறும். பொது மனுக்கள் பற்றிய குழுவும் இருக்கிறது, மனுவை உறுப்பினர் ஒருவர் ஊடாகத்தான் கொடுக்கலாம்.

மத்திய வங்கி அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுகிறது. மகளிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் கொம்பனி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.


முள்ளியவளைக்காரி
செப்டெம்பர் 6, இரவு 9.05

இன்றைக்குப் புதன். பட்டியலை மகள் காலையிலேயே எடுத்துப் பார்த்துவிட்டாள், எங்கள் கொம்பனி அதில் இல்லை.

காசு எடுக்க வருகிற பையனுக்கு 23 வயதிருக்கும், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான். தண்ணி கொடுத்துவிட்டு, "தம்பி, உங்கட கொம்பனிக்கு மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் இருக்கோ?" என்று கேட்டேன். திரும்பி மற்ற நாலு பேரையும் பார்த்தான். "மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன் அன்ரி" என்றான். பிறகு, "யார் சொல்லித் தந்தது?" என்றான்.

பாராளுமன்றத்தில் கேட்டேன் என்றேன்.

1,500ஐக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன், பதினேழாவது தவணை. கடிதத்துக்கு இதுவரை சங்கத்தில் 21 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிச்சம் 13 பேரில் சிலர், குழுவில் கடன் நிற்பாட்டிப் போடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். ஐயா, 21 காணுமா, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை பொறுக்கட்டா?