இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது: காரணம் எது?

வண்டி 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியது. ஊர் மதுரை. ஆறு மாதத்துக்கு முன்னால், உசிலம்பட்டி தாண்டி ராத்திரியில் இடது முன் சக்கரம் பெரிய பள்ளத்தில் இறங்கியது. ரிம் வளைந்தது, அதை மாற்றிவிட்டேன்.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பம். புது டயர் போட்டு 6,000 கி.மீ. தான் ஆகிறது, வெளிப்பக்கம் ட்ரெட் ஆழம் 6.5 மி.மீ. இருக்கிறது, உள்விளிம்பில் 3 மி.மீ. கூட இல்லை. கை விட்டால் வண்டி லேசாக வலப்பக்கம் போகிறது.

வேறு வேறு கடையில் இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பார்த்தாயிற்று. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரி. கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது) மட்டும் இடது மைனஸ் 1.8 டிகிரி, வலது மைனஸ் 0.4. இந்த வண்டியில் கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது என்கிறார்கள். சக்கரத்தை அடியில் பிடிக்கும் இடது லோயர் ஆர்ம், அதன் பால் ஜாயின்ட் புதுசு. வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை. காற்று எப்போதும் 33 பிஎஸ்ஐ. டயர்களை இடம் மாற்றியும் பார்த்தேன், அதே இடத்தில் வந்த டயரும் உள்பக்கமே தேய்கிறது.

ஒரு மெக்கானிக் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) என்கிறார், இன்னொருவர் நக்கிள் (வீல் பேரிங்கைத் தாங்கும் பாகம்), மூன்றாமவர் க்ராஸ் மெம்பர் (லோயர் ஆர்ம் மாட்டும் குறுக்குச் சட்டம்) நகர்ந்திருக்கும் என்கிறார். மூன்றையும் மாற்றக் கையில் காசு இல்லை.

இந்த மூன்றில் எது வளைந்திருக்கிறது என்று பாகம் வாங்குவதற்கு முன்பே உறுதி செய்ய எதை அளந்து பார்க்க வேண்டும்?