கூட்டணி சென்னையில் முடிந்துவிட்டது, எங்கள் ஊரில் ஓட்டு மாறுமா?

வெண்ணாற்றங்கரை:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். ஆளுங்கட்சியை எதிர்த்து இரண்டு கட்சிகள் சேர்ந்திருக்கின்றன. தலைவர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள், சரி. இங்கே கிளைச் செயலாளர்கள் இருவரும் வாய்க்கால் தூர்வாரும் வேலை யாருக்கு என்று முட்டிக்கொண்டதிலிருந்து முகம் பார்ப்பதில்லை. ஒருவர் டீக்கடைக்குள் வந்தால் மற்றவர் பாதி டீயோடு எழுந்துவிடுவார். இவர்களை நம்பி ஓட்டு மாறுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பூத் ஏஜென்ட்:
மாறும் தம்பி, ஆனால் தானாக மாறாது. உங்கள் தொகுதியையே பாருங்கள். 2016-இல் ஜெயித்தது திமுக. 2021-இல் அதை இந்திய கம்யூனிஸ்ட்டுக்கு விட்டார்கள். கீழ்வேளூரும் அப்படித்தான், மார்க்சிஸ்ட்டுக்குப் போனது. கையில் இருந்ததைக் கொடுத்தால் உள்ளூர்க்காரனுக்கு வயிறு எரியாதா? ஆனாலும் இரண்டிலும் கூட்டணிதான் ஜெயித்தது.

எனக்குப் பெரிய தலைவலி சின்னம்தான். ஒரு பாட்டி, "சூரியன் எங்கடா, காணோமே?" என்று மாதிரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தடவை கதிர் அரிவாள் ஆத்தா" என்று மூன்று முறை அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். கடைசியில், "நடவு ஆளுக்குச் சங்கம் வச்ச கட்சிதானே, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார்.

பாபநாசத்துக்காரன்:
எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2021-இல் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா உதயசூரியனிலேயே நின்று ஜெயித்தார். அதில் ஒரு கொக்கி உண்டு. பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயித்தால் சட்டமன்றக் கணக்கில் அந்தக் கட்சி ஆள்தான்.

கும்பகோணம் கணக்கு வாத்தியார்:
1967-ஐ மறக்காதீர்கள். அப்போது ஆண்ட காங்கிரஸ் சட்டமன்றத் தேர்தலில் வாங்கியது 41 சதவீதம், தனிக் கட்சியாகத் திமுகவைவிட ஒரு மயிரிழை அதிகம். கிடைத்ததோ 51 இடம். திமுக 174-இல் மட்டும் நின்று, மீதியைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் என்று பிரித்துக் கொடுத்து 137 பிடித்தது. 2016-இல் திமுகவோடு சேராமல் மூன்றாவது அணியாக மக்கள் நலக் கூட்டணி தனியே நின்று ஒரு இடமும் பெறவில்லை, ஆளுங்கட்சியே திரும்ப வந்தது.

வெண்ணாற்றங்கரை:
கணக்கு புரிகிறது ஐயா. ஆனால் வீடு வீடாகப் பூத் சீட்டு கொடுக்கக் கிளைச் செயலாளர்கள் இருவரும் ஒன்றாகப் போகணுமே?

பழைய பூத் ஏஜென்ட்:
எதற்கு ஒன்றாக? வடக்குத் தெரு அவருக்கு, தெற்குத் தெரு இவருக்கு. நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.