மேசை மேல் நிற்கும் மர விமானத்துக்கு ஒரு சொல்

தமிழ்ச் சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

வேலூர் கொசப்பேட்டையில் என் சித்தப்பா கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடி என்று ஓடிக்கொண்டிருந்த பட்டறையில் மூன்று வருடமாக மர விமானமும் செய்கிறோம். கம்பெனி முதலாளிகள் தங்கள் வேலைக்கென்று வைத்துக்கொள்ளும் ஜெட்டுகள்தான்: லியர்ஜெட், கல்ஃப்ஸ்ட்ரீம், ஃபால்கன், சேலஞ்சர். சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்டு, பறக்கிற நிலையில், பீடத்தில் நட்ட கம்பியின் மேல் நிற்கும். அலுவலக மேசையில் வைப்பதற்கு. வாலில் வி.டி. என்று தொடங்கும் பதிவெண் வரை கையாலேயே எழுதுகிறோம். பில் போடுவதும் கடிதம் எழுதுவதும் என் பொறுப்பு.

போன தடவை ஒரு கல்ஃப்ஸ்ட்ரீமுக்கான பில்லில் ‘ஜி650 மர மாதிரி – 1’ என்று எழுதிவிட்டேன். வாங்கிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் பணத்தை நிறுத்திவிட்டார்கள். “மாதிரி வந்துவிட்டது, சரி. பொருள் எப்போது வரும்?” என்று கேட்டார்கள். நேரில் போய் விளக்கி, வேறு பில் கொடுத்து, பணம் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. மாதிரி வினாத்தாள், மாதிரித் துணி என்றுதானே நாம் சொல்கிறோம்? அசல் வருவதற்கு முன்னால் வருவது மாதிரி. நாங்கள் செய்வதோ, அசல் பறந்துகொண்டிருக்கும்போது அதைப் பார்த்துச் செய்வது.

அதனால் இரண்டு சொல் வேண்டும். அந்த வகை விமானத்துக்கு ஒன்று, மேசையில் நிற்கும் இந்தப் பொருளுக்கு ஒன்று.

* * *

திருப்பத்தூரிலிருந்து:

தம்பி, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘பொம்மை’ ஆகாது. பொம்மையில் இறக்கை கொஞ்சம் நீண்டாலும் குழந்தை ஒன்றும் சொல்லாது. உங்கள் வேலையில் ஒரு நூல் கூடினாலும் குற்றம். ‘படிமம்’ என்ற சொல்லைக் கவிதைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், இயற்பியல் பாடத்திலும் இருக்கிறது. ‘ஒப்புரு’ பலர் எழுதுவதுதான். ஆனால் அசல் அளவிலேயே செய்து காட்சிக்கு வைப்பதும் ஒப்புருவே.

நான் முன்வைப்பது ‘சிற்றுரு’. சிறுமையும் உருவும் சேர்ந்தது. சிற்றூர், சிற்றுண்டி பழகிய வாய்க்கு இது கடினமில்லை. மேசைச் சிற்றுரு, மரச்சிற்றுரு என்று சேர்த்தும் எழுதலாம்.

அளவுக்கும் நம்மிடம் சொல் உண்டு. நாற்பதில் ஒன்று ‘அரைமா’, எண்பதில் ஒன்று ‘காணி’. ‘காணி அளவுச் சிற்றுரு’ என்று எழுதிப் பார்த்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது.

* * *

அரக்கோணத்திலிருந்து:

முதல் சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘வணிக விமானம்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நாளிதழ்களில் அது டிக்கெட் வாங்கிப் போகிற பயணிகள் விமானத்தைக் குறிக்கிறது. நேர் எதிரான பொருள் வந்துவிடும்.

வடிவத்தை வைத்துப் பெயரிடலாமா என்று யோசித்தேன். இந்த ஜெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும். அதற்கடியில் எஞ்சின் தொங்க இடமில்லை, அதனால் பின்னுடலின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். ‘பின்னெஞ்சின் விமானம்’ என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் எங்கள் ஊர் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து தினமும் தலைக்கு மேல் போகிறதே பி-8ஐ ரோந்து விமானம், அது போயிங் 737 உடலில் உருவானது. அதே 737-ஐ உள்ளே சோபாவும் கட்டிலும் போட்டு முதலாளிகளுக்கும் விற்கிறார்கள். எஞ்சின் இறக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரே உடல் பயணிகளையும் ஏற்றுகிறது, கடலையும் காவல் காக்கிறது, முதலாளியையும் சுமக்கிறது. அளவும் கைகொடுக்காது: 1963 அக்டோபர் 7 அன்று முதன்முதலாகப் பறந்த லியர்ஜெட் 23-இன் நீளம் 13 மீட்டர் சொச்சம், ஜி650 30 மீட்டர் சொச்சம். பயன்தான் இந்த வகையைப் பிரிக்கிறது. ‘தனி விமானத்தில் வந்து இறங்கினார்’ என்று நாம் செய்தியில் படிக்கிறோமே, அந்தத் ‘தனி விமானம்’ போதும். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

* * *

வேலூரிலிருந்து:

அரக்கோணம் அக்கா, ‘தனி விமானம்’ சரி. இனி அப்படியே எழுதுகிறேன்.

திருப்பத்தூர் ஐயா, ‘சிற்றுரு’வை ஒரு வாரம் பட்டறையில் புழங்கவிட்டேன். சொல்லில் பிழையில்லை. ஆனால் ஜி650-ஐ 48-இல் 1 அளவில் செய்தால் 63 சென்டிமீட்டர் வருகிறது, மேசையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் ‘சிற்றுரு எங்கே வைக்கிறது’ என்று கேட்கும்போது சொல் பொருளோடு ஒட்டவில்லை. 72-இல் 1 செய்தால் 42. அந்த விமானத்தின் நீளமும் இறக்கை விரிவும் ஏறக்குறைய ஒன்று, அதனால் சதுரப் பெட்டியில் அழகாக உட்காரும். சிறியது என்பது இதன் அடையாளம் இல்லை, பார்த்துச் செய்தது என்பதுதான் அடையாளம்.

காணி, அரைமா எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்கள் 48, 72, 100 என்றே கேட்கிறார்கள். வீட்டுக்கென்று ஒன்று காணி அளவில் செய்து வைக்கச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எஞ்சின் கூடு கடைந்துகொண்டிருந்தார். இரண்டு கூட்டையும் ஒரே தண்டில் கடைந்து நடுவில் அறுப்பார், அப்போதுதான் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மரம் வெட்பாலை. சென்னபட்ணாவில் பொம்மை செய்கிற அதே மரம், வெள்ளையாக, நார் தெரியாமல் வழவழவென்று வரும். பெயிண்ட் அடிக்கிற வேலைக்குத் தேக்கைவிட இது மேல். சீவல் பறந்துகொண்டிருந்தபோது இந்தக் குழுவில் நடக்கிற பேச்சைச் சொன்னேன். மெஷினை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. “மாதிரின்னா மொதல்ல செய்றது. இது பார்த்து அப்புறம் செய்றது. உருவாரம்னு எழுதேன்” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. சித்தப்பா சின்ன வயதில் பக்கத்துத் தெருக் குயவர்கள் மண்ணில் கையும் காலும் மாடும் செய்து சூளை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். கால் வலி தீர்ந்தால் கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்கிற கால், அதுதான் உருவாரம். கால் ஒருவருக்கு இருக்கிறது. அதைப் பார்த்து மண்ணில் இன்னொன்று. மாதிரியில் இல்லாத அந்த முன்பின் வரிசை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புதிதாகக் கட்டிய சொல்லும் இல்லை. செய்கிறவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘மேசை உருவாரம்’ என்று முன்மொழிகிறேன்.

* * *

திருப்பத்தூரிலிருந்து:

அழகான சொல்தான் தம்பி. ஒரே ஒரு தயக்கம். உருவாரம் என்றதும் நேர்த்திக்கடன் நினைவு வருமே? முதலாளி தன் விமானத்துக்காக வேண்டிக்கொண்டார் என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். அளவு சரியாக இருக்க வேண்டும் என்ற பொருளும் அதில் இல்லை.

* * *

வேலூரிலிருந்து:

ஐயா, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கருவறைக்கு மேல் இருப்பதும் விமானம்தான். அதையும் பறக்கிற விமானத்தையும் வேலூரில் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. பக்கத்தில் வருகிற சொல் பார்த்துக்கொள்ளும். மேசை என்று முன்னால் வந்துவிட்டால் கோயில் நினைவு பின்னால் போய்விடும் என்று நம்புகிறேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. அளவைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதைச் சொல்லுக்குள் திணிக்காமல் எண்ணை எப்போதும் கூடவே எழுதிவிடலாம். நேற்றுப் போட்ட பில்லில் இப்படி எழுதினேன்:

‘ஜி650 தனி விமானம், மேசை உருவாரம், 72-இல் 1, வெட்பாலை – 1’

கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வரவில்லை.

இன்னொரு சொல்லுக்கும் உதவி வேண்டும். இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கிற சின்னத் துண்டு. முதலில் அதை இறக்கையோடு ஒரே மரத்தில் செதுக்கினோம். நார் குறுக்கே ஓடியதால் பெட்டியில் வைக்கும்போதே ஒடிந்தது. இப்போது நார் நிமிர்ந்து நிற்கிறபடி தனியாக அறுத்து, மூங்கில் ஆணி இறக்கி ஒட்டுகிறார். சித்தப்பா அதைக் ‘காது’ என்கிறார், அண்டாவுக்குக் காது இருக்கிற மாதிரி. ‘இறக்கைக் காது’ என்று எழுதலாமா? யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் அடுத்த ஃபால்கன் முடிவதற்குள் மாற்றிக்கொள்கிறேன்.